காகிதக் கூழ் ஏன் திட்டுத் திட்டாகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கட்டிங் கழிவை அரைத்துக் கையால் காகிதம் செய்கிறோம். 100 லிட்டர் தொட்டிக்கு, காய்ந்த எடையில் அரைக் கிலோ நார். எவ்வளவு கலக்கினாலும் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் மேகமாகத் தெரிகிறது. என்ன குறை?
– வாசகர், திருப்பூர்

பதில்: கலக்குவதில் குறையில்லை, தொட்டியில் நெரிசல். ஒரு நாரைப் பக்கத்து நார்கள் மூன்று இடத்தில் முட்டினால் போதும், அது வளைந்தபடியே மாட்டிக்கொள்ளும். கலக்குவதை நிறுத்திய சில நொடிகளில் திரள் கட்டிவிடும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஆய்வாளர்கள் கெரெகெஸ், ஷெல் இருவரும் 1992-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு காகிதத் துறையில் பரவலானது. நாரின் நீளத்தை விட்டத்தால் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீரில் நார் கன அளவில் எத்தனை பங்கு என்பதாலும் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுங்கள். விடை 60-ஐத் தாண்டினால் திரள் நிச்சயம்.

நார் 3 மி.மீ. நீளம், 0.02 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், வகுத்தால் 150, வர்க்கம் 22,500. உங்கள் தொட்டியில் நார் 0.005 பங்கு (ஊறிய நார் என்பதால் எடைக் கணக்கையே குத்துமதிப்பாகக் கொள்ளலாம்). விடை 75. நாரைக் கால் கிலோவாகக் குறைத்தால் 37 சொச்சம். அரைக் கிலோவே இருக்கட்டும், நீளத்தை 1.5 மி.மீ. ஆக்கினால் 19-க்குள் வந்துவிடும். எடை பாதியானால் எண்ணும் பாதி. நீளம் பாதியானால் கால்தான். ஆனாலும் பீட்டரில் (கூழ் அரைக்கும் எந்திரத்தில்) கூடுதலாக அரைக்க அவசரப்படாதீர்கள், குட்டை நார்த் தாள் சுலபமாகக் கிழியும். முதலில் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். துணியை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கிவிட்டா பீட்டரில் போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பிரியாத நூல் முனை ஒவ்வொன்றும் ஒரு முடிச்சுக்கு விதை.

தொட்டியில் நாரின் அளவு சரியா என்று பார்க்க, நன்கு கலக்கியவுடன் ஒரு லிட்டர் மொண்டு துணியில் வடித்து, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை காய வையுங்கள். 5 கிராம் நின்றால் அரை சதவீதம்.

ஜப்பானில் இதற்கு ஒரு வேர்ச்சாறு ஊற்றுகிறார்கள். அந்தச் செடி நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு. வழவழப்பு நார்களை விலக்கி வைக்கும், நீரும் மெதுவாக வடியும். வெயில் காலத்தில் அந்தச் சாறு சீக்கிரம் நீர்த்துவிடும்.

கேள்வி: கூழ் பம்பின் வால்வைப் பாதி மூடினால் ஓட்டமே நின்றுவிடுகிறது. தண்ணீருக்கு அப்படி ஆவதில்லையே?
– வாசகர், ஈரோடு

பதில்: 3 சதவீதம் நார் உள்ள கூழ் குழாயில் தண்ணீர் போல ஓடாது. நடுவில் நார்வலை ஒரே கட்டையாக நகரும், குழாய்ச் சுவரை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கும். வால்வின் இடுக்கில் கட்டை மாட்டினால் நீர் மட்டும் பிழிந்து போய்விடும், நார் அடைத்து நிற்கும். கெட்டித்தன்மை இரட்டித்தால் அந்த வலையைக் கிழிக்கத் தேவைப்படும் விசை ஐந்தாறு மடங்காகும். ஆகவே வால்வால் ஓட்டத்தைக் குறைக்காதீர்கள், மோட்டார் வேகத்தைக் குறையுங்கள். வால்வு முழுத் துளை உள்ள பந்து வால்வாக (ball valve) இருக்கட்டும், உறிஞ்சு குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். அடைத்துவிட்டால் அழுத்தத்தை ஏற்ற வேண்டாம், கட்டை இன்னும் இறுகும். பம்பை நிறுத்தி, எதிர்த் திசையில் தண்ணீர் விடுங்கள்.