போலீஸ் துறை பயன்படுத்திவிட்டு விற்ற பழைய க்ளாக் பிஸ்டல் சுடும்போது அடிக்கடி சிக்கி நின்றுவிடுகிறது. சுத்தம் செய்தால் போதுமா, பாகங்களை மாற்ற வேண்டுமா?

போலீஸ்காரர் இடுப்பில் இருந்து வந்த மூன்றாம் தலைமுறை க்ளாக் 22 வாங்கியிருக்கிறீர்கள். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களம்) சுடும்போது நடுநடுவே சிக்குகிறது. கடையில் கேட்டால், "உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, பேரல், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்று" என்கிறார்கள். பேரல் என்பது குண்டு பாயும் குழல், எக்ஸ்ட்ராக்டர் காலிக்கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கி. தயவுசெய்து இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முதலில் மேகசினை, அதாவது தோட்டா நிரப்பும் பெட்டியைப் பாருங்கள். என்னிடம் இருப்பதும் அதே துப்பாக்கிதான். எனக்கும் அதே வசனத்தைத்தான் சொன்னார்கள். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துப்பாக்கி ரிப்பேர் என் தொழில் இல்லை. டெக்ஸஸில் இருக்கிறேன், சொந்தத் துப்பாக்கியை நானே பராமரிக்கிறேன், அவ்வளவுதான். "தமிழனுக்கு எதற்குத் துப்பாக்கி" என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேட்டவர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. வைத்திருப்பதை ஆபத்தில்லாமல் வைத்திருக்க வழி கேட்கிறார். கேட்டவருக்குக் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எச்1பி விசாவில் இருந்தால் கதையே வேறு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம்.

இந்தத் துப்பாக்கிகள் ஏன் மலிவாகக் கிடைக்கின்றன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். தோட்டாவுக்கு வலு போதவில்லை என்று பேச்சு எழுந்து, முதலில் 10 மி.மீ. பக்கம் போனார்கள். பிறகு 1990இல், 9 மி.மீ.யைவிடப் பெரிய தோட்டாவான .40 எஸ்&டபிள்யூ வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. 9 மி.மீ. தோட்டா நன்றாக முன்னேறிய பிறகு காற்று திரும்பியது. 2016இல் எஃப்.பி.ஐ. 9 மி.மீ. க்ளாக்குக்கு ஒப்பந்தம் போட்டது, மற்ற துறைகளும் வரிசையாக மாறின. அப்படிக் கழித்துவிட்ட .40தான் உங்கள் கையில் இருப்பது. பெரும்பாலும் காலிபர் (தோட்டாவின் அளவு) மாறியதால் விற்றார்களே தவிர, துப்பாக்கி கெட்டுப்போனதால் விற்கவில்லை.

பெரும்பாலான போலீஸ்காரர்கள் தகுதித் தேர்வுக்கும் பயிற்சிக்கும் மட்டும்தான் சுடுவார்கள். மற்ற நேரமெல்லாம் உறையில் கிடக்கும். என் துப்பாக்கியில் ஸ்லைடின் (பேரலை மூடி முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) முன்முனை வெள்ளி மாதிரி பளபளத்தது. உறைக்குள் போய்ப் போய் வந்த உரசல் அது. பேரல் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் கண்ணாடி. இருட்டில் ஒளிர வேண்டிய சைட் (குறிபார்க்கும் புள்ளி) மட்டும் மங்கிப் போயிருந்தது. அதில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு, சுமார் 12 வருடத்தில் பாதியாகிவிடும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது, வயது.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் விபத்து நடக்கிறது. மேகசினை வெளியே எடுங்கள், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள், சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். அப்புறமும் குண்டு துளைக்காத திசையில் நீட்டித்தான் ட்ரிக்கரை அழுத்த வேண்டும். இதைப் படித்துவிட்டு "இதெல்லாம் தெரியாதா" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பிரித்தபோது என் துப்பாக்கிக்குள் இருந்ததைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்கும். சீருடைப் பஞ்சு, காரின் தூசி, எப்போதோ விட்ட ஆயில் எல்லாம் சேர்ந்து தேன்பாகு மாதிரி பிசுபிசுத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் பழுப்பாக ஒட்டியிருந்தது. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் கரி கெட்டித்துக் கிடந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் சின்னச் சின்ன ஓடுகளாக உதிர்ந்தது. காலிக்கூடு சரியாக வெளியே தெறிக்காததற்குக் காரணம் அதுதான். கொக்கியில் தேய்மானமே இல்லை. அவர்கள் மாற்றச் சொன்னது இந்தக் கொக்கியைத்தான்!

பேரலுக்குச் சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) நனைத்த பிரஷ்ஷைச் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள், துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். மற்றதற்குப் பழைய டூத்பிரஷ் போதும். பிறகு ஆயில் சொட்டுக் கணக்குதான்: பேரலின் வெளிப்புறம், ஸ்லைடின் தண்டவாளங்கள், ட்ரிக்கர் பாரும் (ட்ரிக்கரிலிருந்து பின்னால் போகும் பட்டை) கனெக்டரும் (அதைத் தொடும் சின்னத் தகடு) உரசும் மூலை. இதற்கு மேல் ஊற்றினால் திரும்பவும் பஞ்சு ஒட்டும்.

ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஓடும் குழாயில் மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். ட்ரிக்கரை அழுத்தினால் "டிக்" என்று சத்தம் மட்டும் வந்து தோட்டா வெடிக்காமல் போகிறதா? முதலில் முனையை இலக்குப் பக்கமே நீட்டியபடி முப்பது வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். வெளியே எடுத்த தோட்டாவின் ப்ரைமரில் (அடியில் நடுவே இருக்கும் வெடிப்பொட்டு) குழி ஆழமில்லாமல் இருந்தால் அந்தக் குழாயில் சந்தேகம் வையுங்கள். பழைய ஆயிலும் பித்தளைத் துகளும் அங்கே சேறாகிவிடும். ஸ்லைடின் பின்தட்டைக் கழற்றி, பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர வைக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லையென்றால் ஆர்மரரிடம் (துப்பாக்கி மெக்கானிக்) கொடுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

இனி மேகசின். ரேஞ்சில் பழக்கமான ஓய்வுபெற்ற ஷெரிஃப் துறைக்காரர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது: "எல்லா மேகசின் அடியிலும் ஒரு நம்பர் எழுது. சிக்கினால் நம்பரைக் குறி." துப்பாக்கியோடு வந்த மூன்றிலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதினேன். அதற்குப் பிறகு சிக்கியதெல்லாம் இரண்டாம் நம்பரில்தான். அதிலும் கடைசி ஓரிரு தோட்டாக்கள்தான் மூக்கைக் கவிழ்த்து நின்றன. அடித்தட்டைக் கழற்றிப் புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் நிறுத்தினால், பழசு கண்ணுக்குத் தெரியும்படி குட்டை. மாற்றினேன், தீர்ந்தது. நிரப்பி வைப்பதால் ஸ்பிரிங் தளராது, நிரப்பி நிரப்பிக் காலி செய்வதால்தான் தளரும் என்று சண்டைக்கு வருவார்கள். எப்படித் தளர்ந்தால் என்ன, தளர்ந்ததை மாற்றத்தானே வேண்டும். உங்கள் துப்பாக்கியில் லைட் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டும் சுட்டுப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை .40இல் லைட்டோடு சிக்குவது பழைய புகார். அதற்கும் கொஞ்சம் விறைப்பான மேகசின் ஸ்பிரிங்தான் வழக்கமான மருந்து.

என்னை உறுத்துவது அந்தக் கவுன்டரில் நடந்ததுதான். நான் மேகசினை நீட்டி "இதைப் பாருங்கள்" என்றேன். அந்த ஆள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "முதல் துப்பாக்கியா?" என்று குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பக்கத்தில் நின்றவரிடம் சாதாரண வேகத்தில்தான் பேசினார். இங்கே ஆலங்கட்டி மழை பெய்தால் மறுநாளே வாசலில் வந்து நிற்கும் கூரைக்காரர்களும் இதே ரகம். ஏணி வைத்து மேலே ஏறாமலே "முழுக் கூரையும் போச்சு" என்பார்கள். நம் பெயரையும் உச்சரிப்பையும் கேட்டதும் விலை ஒரு படி ஏறும். வருடக்கணக்காக வரி கட்டும் ஊரில் இந்த மரியாதைதான் கிடைக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்களுக்கும் அதே கவுன்டர் வசனம் கிடைத்திருப்பதால் சொல்கிறேன்.

ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ஸ்பிரிங்) விலை அதிகமில்லை, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். சோதிக்கவும் வழி உண்டு. காலித் துப்பாக்கி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, முனையை மேலே நீட்டி, ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து மெல்ல விடுங்கள். முழுதாகப் போய் மூடாமல் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தக் கரியில் ஈயம் இருக்கும். கையுறை போடுங்கள், முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அந்தத் துணிகளை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள், துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள்.

துப்பாக்கியோடு பழைய தோட்டாக்களும் கிடைத்திருந்தால், புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால் குண்டு உள்ளே அமுங்கிவிடும். .40இல் அது அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். குட்டையாக இருந்தால் சுடாதீர்கள். நல்ல தோட்டாவோடு ரேஞ்சுக்குப் போய், எந்த நம்பர் மேகசினில், எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது என்று இங்கே எழுதுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி சிக்கினால், எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி அப்போது பேசுவோம்.