வீட்டில் செய்யும் ஆர்கேட் ஸ்டிக்குக்கு எந்தப் போர்டு? கேள்வி பதில்

ஜோய்ஸ்டிக்கும் பட்டன்களும் வெறும் சுவிட்ச்கள்தான். அவற்றை யூஎஸ்பி வழியாகக் கணினிக்கோ கேம் மெஷினுக்கோ புரியவைக்கும் இன்கோடர் போர்டைப் பற்றி கொழும்பிலிருந்து வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தை: அண்ணா, ஸ்டிக்கும் எட்டு பட்டனும் வாங்கிட்டன். ‘சீரோ டிலே’ எண்டு ஒரு போர்டு மலிவாக் கிடக்கு. அதையே போடட்டா?

எதில் விளையாடப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே தம்பி. விலையைப் பார்க்க முன் அதைத்தான் முடிவுசெய்ய வேண்டும். கணினியில் பழைய ஆர்கேட் கேம்கள் மட்டும் என்றால் அது போதும். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு கம்பிச் சொக்கட் தனியாக இருப்பதால் ஈயம் வைக்கும் வேலை இல்லை. ‘சீரோ டிலே’ என்றால் தாமதமே இல்லை என்று பொருள்; பெயரை மட்டும் நம்பாதீர்கள். சண்டை கேம்கள் செக்கனுக்கு 60 பிரேமில், அதாவது 60 படங்களாக, ஓடுகின்றன. ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கன். இந்த மலிவுப் போர்டுகள் அதில் பாதியளவைத் தாங்களே தின்றுவிடக்கூடும். வாங்க முன் வயர் முனையின் அகலத்தையும் பாருங்கள். சன்வா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 30 மில்லிமீற்றர் பட்டனுக்கு 2.8 மில்லிமீற்றர் முனை வேண்டும். அடியில் மைக்ரோசுவிட்ச் (‘டிக்’ என்று சத்தமிடும் சின்னச் சுவிட்ச்) பூட்டிய அமெரிக்க வகைப் பட்டன்களுக்குப் பெரும்பாலும் 4.8.

தெகிவளை: எல்லாரும் ராஸ்பெரி பை பிக்கோ போடச் சொல்லினம். எனக்குக் கோடிங் தெரியாது, சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். 2021இல் வந்த இந்தச் சின்னப் போர்டுக்கு ஜீபி2040-சீஈ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினி ஒரு செக்கனில் 1000 தடவை அதனிடம் நிலைமை கேட்கும், பிந்துவது ஒரு மில்லிசெக்கனுக்குள்தான். கணினிக்காரருக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை.

அந்த மென்பொருளின் பிக்கோவுக்கான யூஎஃப்2 கோப்பை இறக்குங்கள். போர்டிலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யூஎஸ்பியைச் செருகினால் பென் டிரைவ் போல ஒன்று திறக்கும். கோப்பை அதற்குள் போட்டதும் தானாக மறுபடி தொடங்கும். அவ்வளவுதான் ‘கோடிங்’. எதுவும் திறக்கவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்: போன் சார்ஜ் பண்ண மட்டும் வரும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.

வயரிங்கில் எல்லாப் பட்டனிலும் ஒரு காலைக் கிரவுண்டுக்கு (பொதுவான மைனஸ் முனை) ஒரே சங்கிலியாகக் கோர்த்துவிடலாம். மற்றக் காலிலிருந்து தனித்தனி வயர். மென்பொருளின் இயல்பான அமைப்பில் மேல், கீழ், வலம், இடம் நான்கும் முறையே ஜீபி 2, 3, 4, 5. இவை ஜீபி எண்கள், போர்டின் ஓரத்தில் வரிசையாக எண்ணும் பின் (ஊசிக்கால்) எண்கள் அல்ல; ஜீபி 2 என்பது நான்காவது பின். பிழை வருவதில் பாதி இங்கேதான். பிறகு மாற்ற வேண்டுமானால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடி செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும்.

பிக்கோவின் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட்தான். 40ஆம் பின்னில் வரும் 5 வோல்ட் தவறியும் பட்டன் வயரில் பட்டுவிடக் கூடாது.

எட்டு பட்டன், ஸ்டார்ட், செலக்ட், ஹோம் என்று 11 ஆகிறது. பட்டனுக்கு இரண்டாக 22 முனைகள் தேவை. கிறிம்ப் பண்ணும்போது (முனையை வயரில் நெரித்துப் பூட்டும்போது) நாலைந்து வீணாகும், 30 வாங்குங்கள். 22 அல்லது 24 கேஜ் பல இழை வயர் ஏழு மீற்றர் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இவை கிடைக்கும். ஈயம் வைக்கப் பயமென்றால் பின் வைத்த பிக்கோவும் ஸ்குரூ டெர்மினல் தட்டும் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை: என்னட்ட பிஎஸ்4 இருக்கு. பிக்கோ அதுக்கு வேலை செய்யுமா? பிறகு பிஎஸ்5 எடுத்தால்?

செருகியதும் வேலை செய்யும், எட்டு நிமிடத்தில் நின்றுவிடும். லைசென்ஸ் உள்ள கன்ட்ரோலர்தானா என்று பிஎஸ்4 சோதிக்கும். சரியான பதில் வராவிட்டால் தொடர்பைத் துண்டிக்கும். பிக்கோவில் இரண்டாவது யூஎஸ்பி துளை பூட்டி, லைசென்ஸ் உள்ள ஒரு கன்ட்ரோலரை அதில் செருகி அந்தப் பதிலை வாங்கிக்கொடுக்கலாம். முதல்முறை செய்பவருக்கு அது தலையிடி. ப்ரூக் நிறுவனத்தின் யுனிவர்சல் ஃபைட்டிங் போர்டு விலை கூடினாலும் பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பொக்ஸ், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பின் வைத்த வகையாகப் பார்த்து எடுங்கள். பிஎஸ்5இல் பிஎஸ்4 கேம்களுக்கு அது போதும். பிஎஸ்5க்கென்றே வந்த கேம்கள் கேமுக்குக் கேம் வேறுபடும், விளையாடப் போகும் கேமின் பெயரைச் சொல்லித் தேடிவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மருதானை: வீட்டில கிடக்கிற ஆர்டுயினோ ஊனோ சரிவராதா?

மெனக்கெட வேண்டாம். ஆர்3 வரையான ஊனோவின் பிரதான சிப்பில் யூஎஸ்பி இல்லை. சிப்பிலேயே யூஎஸ்பி உள்ள லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ என்றால் யோசிக்கலாம்.

பம்பலப்பிட்டி: பழைய கன்ட்ரோலர் ஒன்றை உடைத்து அதன் போர்டை எடுத்தால் காசு மிச்சம்தானே ஐயா?

கிரவுண்ட் பொதுவாக இருந்தால் மட்டும். மல்டிமீற்றரை ‘பீப்’ நிலையில் வைத்து, பட்டன்களின் ஒரு பக்கத்துத் தடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர் தனியாக இழுக்க வேண்டும், சன்வா ஜேஎல்எஃப் ஸ்டிக்கின் ஐந்து கம்பி வயரும் பொருந்தாது. ட்ரிகர்கள் வேறு அனலொக், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அளப்பவை. கழற்றி அப்படியே விட்டால் அழுத்தியபடி காட்டும் கன்ட்ரோலர்களும் உண்டு, ரெசிஸ்டர் போட்டு ஏமாற்ற வேண்டும். பிக்கோ கிடைக்கும் காலத்தில் இந்தப் பாடு தேவையில்லை.

கிருலப்பனை: பூட்டி முடிச்சாச்சு. ஒரு பட்டன் விடாமல் அழுத்தினபடி காட்டுது, ஸ்டிக்கை மேலே தள்ளினால் இடப்பக்கம் போகுது.

இரண்டும் போர்டின் குற்றமல்ல தங்கச்சி. மைக்ரோசுவிட்சில் மூன்று கால் இருக்கும். நீங்கள் என்சீ (அழுத்தாதபோது இணைந்திருக்கும்) காலில் மாட்டியிருக்கிறீர்கள், வயரை என்ஓ (அழுத்தினால் மட்டும் இணையும்) காலுக்கு மாற்றுங்கள். ஸ்டிக் 90 பாகை திரும்பிப் பூட்டுப்பட்டிருக்கிறது. கழற்றித் திருப்பலாம், அல்லது அமைப்புப் பக்கத்தில் நாலு திசையையும் மாற்றி எழுதலாம். தனித்தனி மைக்ரோசுவிட்ச் உள்ள ஸ்டிக்கில் மேலே தள்ளும்போது அழுத்துப்படுவது கீழ்ப்பக்கத்துச் சுவிட்ச், வயரை அதற்கேற்ப மாட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் சில மாதத்தில் பட்டன் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கும். போர்டை மாற்ற ஓடாமல், முனைகளைக் கழற்றித் துருவைத் துடைத்து, தளர்ந்ததைக் குறட்டால் சற்று நெரித்து மறுபடி செருகிப் பாருங்கள்.