மகன் கொழும்பில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் தரம் 10 படிக்கிறான், நாங்கள் இந்துக்கள். இந்து மன்றம், மாணவத் தலைவர், மாணவர் பாராளுமன்றம் இதிலெல்லாம் சேர விடலாமா, படிப்பு கெடுமா?

விடலாம். படிப்பும் கொஞ்சம் கெடத்தான் செய்யும். நவராத்திரி நெருங்கினால் இரண்டு கிழமைக்குக் கணிதக் கொப்பி திறபடாது. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நானும் அப்படியொரு கல்லூரியில் தமிழ் மொழிமூலம் படித்த சைவப் பெடியன்தான், வீடு கொட்டாஞ்சேனை. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.

மகன் படிப்பது எந்த வகைக் கல்லூரி என்று நீங்கள் எழுதவில்லை. பெயரில் 'புனித' இருக்கிறதெல்லாம் திருச்சபையின் கையில் இல்லை. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களோடு, அரச உதவிப் பணத்தில் திருச்சபை போன்றவை நடத்திய 'உதவி பெறும்' பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் குந்தியிருந்ததை என் அம்மப்பா கதை கதையாகச் சொல்வார். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசித்தான் அது தணிந்தது. மருதானை புனித ஜோசப், பம்பலப்பிட்டி புனித பீற்றர், கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் போன்ற சில கல்லூரிகள் தனியாராகவே நின்றுகொண்டன. அரசுக்குப் போனவற்றில் பல இடங்களில் பெயரும் ஒரு சொரூபமும்தான் மிச்சம். தனியாரில் எதற்கும் அதிபர் பாதரின் ஒரு சொல் போதும், அரச பாடசாலையில் சுற்றறிக்கை பேசும். மன்றம் நடத்துகிறவனுக்கு இந்த வித்தியாசம் சீக்கிரமே விளங்கும்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. எங்களுக்குச் சமய பாட நேரம் வந்தால் வகுப்பே பிரியும். கத்தோலிக்கர் ஒரு பக்கம், நாங்கள் சைவநெறிப் புத்தகத்தோடு இன்னொரு அறைக்கு, முஸ்லிம் பெடியன்கள் வேறோர் அறைக்கு. மணி அடித்தால் எல்லோரும் கன்டீன் வரிசையில் ஒன்றாக இடிபடுவோம். மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலிக்கு நாங்களும் போய்ப் பின்வரிசையில் இருப்போம், நற்கருணை எடுப்பதில்லை. 'அருள் நிறைந்த மரியே' எனக்கு இன்றும் மனப்பாடம். சிவபுராணமும் மனப்பாடம். ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

கத்தோலிக்கப் பெடியன்களுக்கு மரியாயின் சேனை, வின்சன்ட் டி போல் சபை, பீடப் பணியாளர் குழு, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்று நாலைந்து இருந்தன. எங்களுக்கு இந்து மன்றம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், மேலே ஒரு பொறுப்பாசிரியர்.

நான் பொருளாளர். நவராத்திரிக்குப் பாடசாலையில் செய்யும் வாணி விழாவுக்குத் தலைக்கு நூறு ரூபா என்று வைத்தோம். யார் கொடுத்தது, யார் பாக்கி என்று வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் பெயர்களை எழுதிவைத்தது என் யோசனை. கெட்டித்தனமான வேலை என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலில் கடைசி வரை ஒரு பெயருக்கு எதிரே கோடு மட்டும் இருந்தது. அவனுடைய அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். பூசையன்று அவன் பாடசாலைக்கே வரவில்லை. அதுபோக, கணக்கில் 740 ரூபா இடித்தது. 'இதர செலவு' என்று எழுதி மூடப் பார்த்தேன். பொறுப்பாசிரியை கணக்கு எழுதிய சீஆர் கொப்பியை ஒரு தரம் புரட்டிவிட்டு, "தம்பி, இந்த இதர எங்கே விக்குது, எனக்கும் ஒண்டு வாங்கிக் குடு" என்றார். விடிய விடிய யோசித்தபோதுதான் வாழைமரம் கொண்டுவந்த முச்சக்கரவண்டி ஞாபகம் வந்தது.

பிறகு ஒருநாள் பக்கத்து மேசை நண்பன் அவனுடைய வின்சன்ட் டி போல் கூட்டத்துக்குக் கூட்டிப்போனான், சும்மா வந்து இருடா என்று. 1833இல் பாரிஸில் ஒசானாம் என்ற இருபது வயது மாணவனும் கூட்டாளிகளும் தொடங்கிய சபை அது. ஏழை வீடுகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் வேலை. செபம் சொன்னார்கள், போன கூட்ட அறிக்கை வாசித்தார்கள், ஒருவன் முன்மொழிய ஒருவன் வழிமொழிந்தான். முடிவில் ஒரு துணிப்பை கைமாறி வந்தது. ஒவ்வொருவனும் பொத்திய கையை உள்ளே விட்டு, வெறுங்கையாய் வெளியே எடுத்தான். இருக்கிறவனும் அப்படித்தான், இல்லாதவனும் அப்படித்தான். யார் போட்டது, யார் போடாதது என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. எனக்கும் பை வந்தது. பஸ் காசு தவிர ஒன்றும் இல்லை. பொத்திய கையை விட்டு எடுத்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கரும்பலகைப் பட்டியலை நிறுத்தினோம். பழைய மாலிபன் பிஸ்கட் தகரத்தின் மூடியில் துளை போட்டு வகுப்பு வகுப்பாக அனுப்பினோம். வசூல் குறையும் என்றார் பொறுப்பாசிரியை, குறைந்துதான் போனது. சர்க்கரைப் பொங்கலில் கஜுவைக் குறைத்தோம். அந்தப் பெடியன் திரும்பி வந்தானா என்றால், இல்லை. சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) முடித்துப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் கடை வேலைக்குப் போய்விட்டான்.

பூசைக்கு அனுமதி வாங்குவது தனிக்கூத்து. அதிபர் பாதருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகவே கடிதம் ஆங்கிலத்தில். நவராத்திரி என்றால் என்ன என்று சிங்களத்தில் விளக்கவேண்டும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தேங்காய் எங்கே உடைப்பீர்கள், மேடைத் திரைக்கும் கற்பூரத்துக்கும் எத்தனை அடி என்று இரண்டே கேள்விதான் கேட்டார். தன் சமயத்தை அடுத்தவனுடைய மொழியில், அடுத்தவனுடைய மேசைக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுவதற்கு வேறு எந்த இடம் இருக்கிறது?

மாணவத் தலைவர் பதவி வேறு கதை. ஆசிரியர்கள் தெரிந்து போடுவது, நேர்முகம் இருக்கும். காலையில் வாசலில் நின்று பிந்தி வருகிறவர்களைப் பிடிப்பது, தலைமயிர் பார்ப்பது, சின்ன வகுப்புகளை வரிசையில் விடுவது. பேட்ஜ் சட்டையில் இருக்கும்வரைதான் அதிகாரம். சிரேஷ்ட மாணவத் தலைவர் எங்கள் காலத்தில் ஒவ்வொரு வருடமும் கத்தோலிக்கர்தான். அப்படி எழுதிய விதி எதையும் நான் பார்த்ததில்லை. மகனுக்கு அந்த எண்ணம் இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும். சாதாரண மாணவத் தலைவராக எங்களில் பலர் இருந்தோம், ஒரு குறையும் இல்லை.

மாணவர் பாராளுமன்றம் கல்வி அமைச்சின் ஏற்பாடு. வாக்குப் போட்டுத் தெரிவு, சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லாம் உண்டு. காலிமுகத்திடலில் இப்போது ஜனாதிபதி செயலகமாக இருக்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்திலேயே சில பாடசாலைகளின் அமர்வு நடந்திருக்கிறது. எங்கள் அமர்வில் ஒருவன் மலசலகூடத்தில் தண்ணீர் வராததைப் பற்றிக் கேட்டான். உரிய அமைச்சர் எழுந்து, கவனத்தில் எடுக்கப்படும் என்றார். அசலைப் பார்த்து நன்றாகத்தான் பழகியிருந்தான். மேடைக்கூச்சம் உள்ள பிள்ளை என்றால் கட்டாயம் விடுங்கள், மற்றபடி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றில் ஒன்றுதான் என்றால் நான் மன்றத்தைத்தான் சொல்வேன், அதிலும் பொருளாளர் பதவி. தலைவர், செயலாளர் பதவிகளுக்குப் போட்டிபோட்டு அடிபடுவார்கள். காசுக் கொப்பியைத் தூக்க ஒருத்தனும் முன்வர மாட்டான். தரம் 10இல் கேட்டாலே கிடைக்கும். முச்சக்கரவண்டிக் காசை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.