டிசம்பர் 26-ம் தொலைக்காட்சியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்பத்தில் சுனாமிக்கு யாரையும் பறிகொடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் காலையில் டிவியைப் போட்டால் மதியம் வரை எழுந்திருக்க முடிவதில்லை. அதன்பின் இரண்டு மூன்று நாள் தூக்கம் போய்விடுகிறது. வீட்டில் ‘பார்க்காதே’ என்கிறார்கள். பார்க்காமல் விட்டால் இறந்தவர்களை மறந்தது போல் ஆகாதா? ஊடகங்கள் வருடா வருடம் நினைவூட்டுவது நல்லதுதானே?

வாசகி, கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கம் கெடுவதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் கேட்டறிந்தார்கள். அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம் காணப்பட்ட மன அழுத்தம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களிடம் காணப்பட்டதைவிட அதிகம். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலின் முதலாண்டு நினைவு நிகழ்ச்சிகளை வைத்தும் ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. அவற்றைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தவர்களிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் புதிதாகத் தலைகாட்டும் வாய்ப்பு, குறைவாகப் பார்த்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஏற்கெனவே பயம் உள்ளவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் உண்மை. பார்ப்பது பயத்தைக் கூட்டுகிறது, கூடிய பயம் அடுத்த துயரச் செய்தியின்போது இன்னும் அதிகம் பார்க்க வைக்கிறது. பாஸ்டன் தொடங்கி 2016 ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூடு வரை ஒரே மக்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் இந்தச் சுழலைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி, என்ன காட்டுகிறார்கள் என்று பார்ப்போம். நினைவுநாள் நிகழ்ச்சிக்குப் பழைய காட்சிக் கிடங்குதான் மூலப்பொருள். 2004-ல் காமிரா உள்ள கைபேசி நம் மீனவக் கிராமங்களில் கிடையாது. நாகப்பட்டினத்தில் தண்ணீர் ஏறிய நேரத்தைப் பதிவு செய்த படம் மிகமிகக் குறைவு. கிடைப்பதில் பெரும்பகுதி தாய்லாந்துக் கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகள் எடுத்ததும், இந்தோனேசியாவின் பந்தா ஆச்சேயில் எடுத்ததும்தான். ஜப்பானில் 2011-ல் வந்த சுனாமியின் காட்சிகள்கூட 2004 என்ற பெயரில் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. நாலைந்து துண்டுக் காட்சிகளை மெதுவாக ஓடவிட்டு, சோக இசை சேர்த்து, திரையின் ஒரு பாதியில் இன்றைய மலரஞ்சலியையும் மறுபாதியில் அன்றைய அலையையும் வைத்தால் அரை மணி நேரம் நிரம்பிவிடும். மூலையில் ‘நேரலை’ என்று வேறு இருக்கும். இது பழைய காட்சி, இந்த ஊர், இந்தத் தேதி என்று எழுத்தில் போடாமல் விட்டால், அறிவுக்குத் தெரிந்தாலும் உடம்பு அதை இன்று நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது.

இரவல் காட்சி வேறொரு வகையிலும் நம்மை ஏமாற்றுகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. இந்தியா, இலங்கைப் பக்கம் முதலில் தண்ணீர் ஏறியே வந்தது. முதல் அலை வடிந்து கடல் பின்வாங்கிய இடங்களில், அதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அடுத்த அலையில் சிக்கினார்கள். தாய்லாந்துப் படத்தை மட்டுமே இருபது வருடமாகப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டு நம் கரையில் நிற்கும். அன்று நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கரையோர மக்களுக்கு அரசு எச்சரிக்கை எதுவும் போகவில்லை. தமிழகத்தில் இறந்த சுமார் எட்டாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தில் இறந்தார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை விவரிக்கும் நினைவுநாள் நிகழ்ச்சியைப் பார்ப்பது அரிது. அதற்குக் காட்சி இல்லை என்பதே காரணம்.

2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பெரிய அலை வரவில்லை. 2004-ல் கடலடி மேலும் கீழுமாகப் பெயர்ந்தது, 2012-ல் பக்கவாட்டில் நகர்ந்தது. இதை டிசம்பர் 26 அன்று ஐந்து நிமிடம் வரைபடம் போட்டுச் சொல்லலாம். பயம் மட்டும் ஊட்டப்பட்டவர்கள் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஓடுவார்கள். நாலு முறை ஓடி ஒன்றும் நடக்காவிட்டால் ஐந்தாம் முறை அசையவே மாட்டார்கள்.

காட்சியே இல்லாத துயரத்தில் இன்னொன்று நடக்கிறது. கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மாலைபோட்ட படங்களுக்கு முன் அழும் தாயின் முகத்தை நோக்கிக் காமிராக்கள் திரும்புகின்றன. ‘அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சும்மா?’ என்ற அதே கேள்வியை அதே பெண்ணிடம் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். இது கொடுமை. முந்தைய நாளே வீட்டில் போய்ப் பார்த்து, கேள்விகளைச் சொல்லி, எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று உறுதி கொடுத்துப் பேசினால் அவர்கள் வேறு விஷயங்களைச் சொல்வார்கள்: பத்தாண்டு கழித்து 2014-ல் வந்த தீர்ப்பு, அதன்பின் மேல்முறையீட்டில் நடந்தது, பிற பள்ளிகளின் நிலைமை. பள்ளிகளின் தீப் பாதுகாப்பு பற்றி 2009-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கட்டளையிட்டிருக்கிறது. ஜூலை 16 அன்று பத்துப் பள்ளிகளுக்குப் போய் தீயணைப்பான் எங்கே இருக்கிறது, எப்போது நிரப்பினார்கள், யாருக்கு இயக்கத் தெரியும் என்று பார்த்து எழுதுவது ஒரு நிருபரின் ஒருநாள் வேலை.

மறப்பது பற்றிக் கேட்டீர்கள். நம் வழக்கத்தில் திதி கொடுப்பவருக்குச் செய்ய ஒரு வேலை உண்டு, அது முடியும் நேரமும் உண்டு. நாகை மீனவர்கள் கடலில் பால் ஊற்றி, பூத்தூவிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இலங்கையில் காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் மௌனம். நியூயார்க்கில் ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும், 1993-ல் அதே இடத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த ஆறு பேரையும் சேர்த்து, 2,983 பேரின் பெயர்களை உறவினர்கள் வாசிக்கிறார்கள். பல மணி நேரம் ஆகும், ஆனால் கேட்பவருக்குக் கிடைப்பது மனிதர்களின் பெயர்கள், விமானம் மோதும் காட்சி இல்லை. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செய்ய ஒன்றும் கிடையாது, முடிவும் கிடையாது.

ஆகவே, வரும் டிசம்பரில் விளக்கேற்றுவதோ கடற்கரைக்குப் போவதோ, ஒன்றைச் செய்யுங்கள். செய்தியை நாளிதழில் படியுங்கள். டிவி வேண்டுமென்றால் ஒரே ஒரு செய்தியறிக்கை, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கைபேசியில் வீடியோ தானாக ஓடும் வசதியை முந்தைய இரவே நிறுத்திவிடுங்கள். சிறு பிள்ளைகள் கூடத்தில் இருக்கும்போது போட வேண்டாம், ஒவ்வொரு மறுஒளிபரப்பையும் அவர்கள் புதிய அலையாகவே எண்ணிவிடக்கூடும். ஊரும் தேதியும் போடாமல் பழைய காட்சியைக் காட்டும் சானலுக்கு, ஒளிபரப்பான நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தூக்கமின்மை சில வாரங்களுக்கு நீடித்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; இது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவிச் சேவை. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.