உட்கார மாட்டான், ஆனால் அளவு தப்பாது

அம்மா, உங்கள் பையனைப் பற்றி எழுதியதில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பட்டன. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து படிக்க மாட்டான். ஆனால் சைக்கிளைப் பிரித்துப் போட்டால் ஒரு வாஷர்கூட மிச்சமில்லாமல் திரும்ப மாட்டிவிடுவான். சுவரில் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பொறுக்க மாட்டான். முதலாவதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்த பிள்ளைகளுக்கென்றே வேலைகள் இருக்கின்றன.

பத்தாவது முடித்தவன் ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், இயந்திரப் பாகங்களை அளவாகச் செய்து பொருத்தும் ஃபிட்டர் பிரிவை யோசிக்கலாம். இரண்டு வருடப் படிப்பு. ஆரம்பத்தில் ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவச் சொல்வார்கள். ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் ராவல்தான். கை வலிக்கும், சில பிள்ளைகள் ‘போதும் சார்’ என்பார்கள். அந்தக் கசிவு தனக்கே உறுத்துகிறவன்தான் இந்தத் தொழிலில் மேலே வருகிறான்.

அப்புறம் மைக்ரோமீட்டர், நுண்ணிய அளவுகளை அளக்கும் கருவி. சாதாரண மைக்ரோமீட்டரே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். 100 மில்லிமீட்டர் நீள இரும்பு 10 டிகிரி சூடேறினாலே அதைவிடச் சற்று அதிகமாக நீண்டுவிடும். லேத்திலிருந்து (கடைசல் இயந்திரம்) எடுத்த சூட்டோடு அளந்து ‘சரி’ என்று விட்டால், ஆறியதும் அளவு குறைந்து நிற்கும். அவசரப்படாமல் ஆறவிட்டு அளப்பது ஒரு குணம். அது உங்கள் பையனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வெளியில் சுற்றும் வேலை பிடிக்கும் என்றால் நிலம் அளக்கும் சர்வேயர் பிரிவைப் பாருங்கள். அதுவும் இரண்டு வருடம்தான். அளக்கும் கருவியை நிறுத்தும் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல், மேடு, சாலை என்று வெயிலில் நடக்க வேண்டும். நின்ற இடத்தில் கருவி மட்டமாக இருக்கிறதா என்று காட்டும் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து நிதானமாக அளவெடுக்கவும் வேண்டும். ஆரம்பித்த புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் எங்கோ பிழை. 1802இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரிய நில அளவைக்கும் இந்தப் பொறுமைதான் அடிப்படை. நம் ஊரில் வரப்புத் தகராறு ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் எடுத்த அளவை நம்பித்தான் இரண்டு குடும்பங்கள் நிற்கின்றன.

எலக்ட்ரீஷியன், வெல்டர் பிரிவுகளும் உண்டு. அவற்றிலும் துல்லியம் வேண்டும், ஆனால் உங்கள் பையனுக்கு நான் முதலில் சொல்வது மேலே உள்ள இரண்டும்தான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க நிற்க வேண்டும். இரும்புத்தூள், சத்தம், ஷிஃப்ட் எல்லாம் இருக்கும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ‘ஐடிஐயா?’ என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்புக்காக அவனைப் பிடிக்காத குரூப்பில் தள்ளாதீர்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதனால் மேற்படிப்பின் கதவும் அடைபடாது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணமும் கிடையாது.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அவனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் நினைத்திருக்கும் ஐடிஐயின் ஒர்க்‌ஷாப்பை நேரில் பாருங்கள். எத்தனை லேத் ஓடுகிறது, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், அளக்கும் கருவிகள் பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். முடித்தவர்கள் எந்தக் கம்பெனிகளில் அப்ரென்டிஸாகப் போனார்கள் என்று பயிற்றுநரிடமே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஊர் ஐடிஐயையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.