ம்சாகியை எந்தப் பாட்டில் தொடங்குவது?

தென்னாப்பிரிக்கப் பாடகி ம்சாகியை சோல் (மனசை உருக்கிப் பாடும் பாணி) பாடகி என்று போன வாரம் நாலு வரி எழுதப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் இதோ.

கே: யார் இவர்? கேட்க ஒரு பாட்டு சொல்லுங்கண்ணா.

ப: கிழக்கு கேப் மாகாணத்தில் ஈஸ்ட் லண்டன் ஊர்க்காரர். 2016-ல் முதல் ஆல்பம் வந்தபோது கிட்டாரும் கையுமாகத்தான் இருந்தார். டிஜேக்களும் அவர் குரலைத் தேடி வந்தார்கள். 2019-ல் டிஜே பிரின்ஸ் கேபியோடு பாடிய 'ஃபெட்ச் யுவர் லைஃப்' பெரிய ஹிட். அதிலேயே தொடங்குங்கள்.

கே: டிஜே பாட்டுன்னாலே டொம் டொம்தான். இதுல சோல் எங்கே வருது?

ப: தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். ஆஃப்ரோ ஹவுஸ் என்கிற இந்த ஆப்பிரிக்க நடன இசையில் நிமிஷத்துக்குச் சுமார் 120 தாளத் தட்டு. அந்த வேகத்துக்கு இவர் ஓடுவதே இல்லை. ஒரு சொல்லை இழுத்துவிட்டு, நாலைந்து தட்டு போன பிறகு சாவகாசமாக அடுத்த சொல்லுக்கு வருவார். ஓடுகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி. எனக்கு சோல் அங்கேதான் கேட்கிறது.

கே: அது என்ன மொழி சார்? நடுவுல ஏதோ சொடுக்கு சத்தம்.

ப: கோசா. ஆங்கிலமும் கலந்து வரும். வண்டிமாட்டை விரட்ட நாக்கைக் கன்னத்துப் பக்கம் சொடுக்குவோமே, அந்தச் சத்தம் இவர்களுக்கு ஒரு மெய்யெழுத்து. மொழியின் பெயரிலேயே அது உண்டு. நாம் 'கோசா' என்று எழுதுவது ஒப்புக்குத்தான். இசைத் தயாரிப்பாளர் சன்-எல் மியூசிசியனோடு பாடிய 'உபோமி அபுமாங்கா'வுக்கு 'வாழ்க்கை நின்றுவிடாது' என்று பொருள்.

கே: அரசியலும் பாடுவாராமே?

ப: 2021-ல் 'பிளாட்டினம் ஹார்ட்' என்று இரண்டு தொகுப்பு போட்டார். 'பீட்டிங்' ஆட்டத்துக்கு, 'ஓபன்' அமைதியாகக் கேட்க. தலைப்பில் platinum என்ற சொல்லின் கடைசியில் ஒரு b கூட்டி (Platinumb; numb என்றால் மரத்துப்போன), மரத்துப்போன இதயம் என்றும் படிக்க வைத்திருக்கிறார். அங்கே பிளாட்டினம் என்றால் மரிகானா நினைவுக்கு வராமல் இருக்காது. மாதம் 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்களில் 34 பேரை 2012 ஆகஸ்ட் 16-ல் போலீஸ் சுட்டுக்கொன்ற இடம். இதைத் தெரிந்துகொண்டபின் 'ஓபன்' எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

கே: கிராமி வாங்கினாரா?

ப: 2022-ல் வாங்கியது டிஜே பிளாக் காபியின் 'சப்கான்ஷியஸ்லி' ஆல்பம். அதில் 'விஷ் யூ வேர் ஹியர்' இவர் குரல்.

கே: போன்ல போட்டேன், சப்புன்னு இருக்கு.

ப: போன் ஸ்பீக்கரில் பேஸ் (அடியில் அதிரும் கனத்த ஒலி) ஏது? இயர்போன் மாட்டுங்கள். 'ஓபன்' மட்டும் போனிலும் தாங்கும்.