கணவரின் ரத்தத்தில் 246: லேப் தவறா, உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். சென்ற மாதம் இரவில் வண்டியிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில் 'எத்தனால் 246 மி.கி./டெ.லி.' என்று வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அங்கே வரம்பு 80 என்கிறான். நம் ஊரில் 30 என்கிறார்கள். இணையத்தில் 0.08 என்று ஒரு கணக்கும், 0.25-க்கு மேல் போனால் மயக்கம், மரணம் என்றும் இருக்கிறது. ஆனால் அன்று அவர் டாக்டரிடம் தெளிவாகப் பேசினார், என் போன் நம்பரைக்கூடச் சரியாகச் சொன்னார். இருமல் டானிக் குடித்ததாலும், ஊசி குத்தும் முன் ஸ்பிரிட் தடவியதாலும் லேப் தப்பாகக் காட்டுகிறது என்கிறார். காலையில் கொஞ்சம் கை நடுங்கும், மற்றபடி நன்றாக இருக்கிறார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு அன்றோடு குடியை விடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். அதுவரை சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலக்கும் பொடியை வாங்கிக் கொடுக்கலாமா?
வாசகி, திருப்பூர்

பதில்: லேப் தப்பாகக் காட்டவில்லை. தோலில் தடவிய ஸ்பிரிட்டால் 246 வராது. கோர்ட்டுக்குப் போகும் ரத்தம் என்றால் வீண் வாதம் வரக்கூடாது என்று ஸ்பிரிட் இல்லாமல் துடைத்து எடுப்போம், அவ்வளவுதான். டானிக் குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலை போலீஸ் கருவி காட்டிவிடலாம். கால் மணி நேரத்தில் அது போய்விடும். இரண்டு மூடி டானிக் ரத்தத்தில் இந்த அளவை ஏற்றாது.

எண்களைப் பற்றிய குழப்பமும் சுலபமாகத் தீரும். டெசிலிட்டர் என்றால் 100 மில்லி. எத்தனால் என்பது மதுவில் இருக்கும் ஆல்கஹால். உங்கள் கணவரின் 100 மில்லியில் அது 246 மில்லிகிராம், அதாவது 0.246 கிராம். அதையே சதவீதமாக எழுதினால் 0.246. அமெரிக்காவின் 0.08-ம் உங்கள் தம்பி சொல்லும் சிங்கப்பூரின் 80-ம் ஒரே அளவுதான், எழுதும் விதம்தான் வேறு. ஐரோப்பாவில் பல நாடுகளில் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதுவார்கள்; அவர்கள் கணக்கில் இது 2.46. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் உள்ள 30 என்பது 0.03 சதவீதம். சிங்கப்பூரைவிட நம் வரம்பு கடுமையானது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சட்டம் சொல்லும் 30 முழு ரத்தத்துக்கானது. ஆஸ்பத்திரி லேப்பில் பெரும்பாலும் ரத்த அணுக்களைப் பிரித்துவிட்டு, மேலே தெளியும் சீரத்தில் ஒரு நொதியைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சீரத்தில் தண்ணீர் அதிகம். ஆல்கஹால் தண்ணீரோடு போவதால் அங்கே எண் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் கணவரின் முழு ரத்த அளவு 215 அளவில் இருந்திருக்கும். போலீஸ் கருவி ரத்தத்தைத் தொடுவதே இல்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி மூச்சில் இருக்கும் ஆல்கஹால் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்பதுபோல ஒரு விகிதத்தை வைத்துப் பெருக்கிச் சொல்கிறது. அதனால் மூன்று இடத்தில் மூன்று எண் வந்தால் ஏதோ பொய் என்று நினைக்க வேண்டாம். தடயவியல் லேப்பில் ஆல்கஹாலைத் தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபி முறையில் பார்ப்பதுதான் இவற்றில் மிகத் துல்லியமானது.

215 என்றால் எவ்வளவு குடித்திருப்பார்? 42.8 சதவீதப் பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் ஒரேயடியாகக் குடித்தால் 120, 130 வரை போகும். கல்லீரல் மணிக்கு 15 அளவில் குறைக்கும், தினமும் குடிப்பவருக்கு இன்னும் வேகமாகக் குறைக்கும். ஆக, இரண்டு குவார்ட்டருக்குக் குறையாது. 'ஒரு கட்டிங்தானே' என்று வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: 90 மில்லியே சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தொட்டுவிடும்.

இப்போது உங்களை உண்மையில் பயமுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் நீங்கள் பார்த்த பட்டியல் எப்போதாவது குடிப்பவர்களுக்குப் போட்டது. பழக்கமில்லாத ஒருவர் அந்த அளவில் தள்ளாடுவார், வாந்தி எடுப்பார், சரிந்து தூங்கிவிடுவார். உங்கள் கணவர் போன் நம்பர் சொன்னார். அது உடம்பின் பலம் இல்லை, லேப்பின் பிழையும் இல்லை. ஆல்கஹால் மூளையை அமுக்கும். வருடக்கணக்கில் அமுக்கினால் மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் 246-லும் தெளிவாகப் பேசுகிறார். எண்ணைவிட அந்தத் தெளிவுதான் எனக்குக் கவலை தருகிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் அமுக்குவதற்கு ஒன்றும் இருக்காது, மூளையின் வேகம் மட்டும் அப்படியே நிற்கும்.

காலை நடுக்கம் அதன் முதல் அறிகுறி. நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவு ஏறிய அளவு விடியும்போது இறங்குகிறது, கை நடுங்குகிறது; கொஞ்சம் உள்ளே போனதும் நின்றுவிடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

மாலை போடுவதை நான் தடுக்கவில்லை. குடியை விட அதைவிட நல்ல காரணம் பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் உங்கள் கணவர் மாதிரி நிலையில் இருப்பவர் சிகிச்சை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை நீங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆள் குழம்புகிறாரா? பகலா இரவா என்று தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, இல்லாத ஆளோடு பேசுவது, போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுப்பது. விரத காலத்தில் இதைப் பார்த்துச் சாமி வந்துவிட்டது என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். அறையில் பூட்டி வைத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும், சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தலையில் வேறு அடிபட்டிருக்கிறது. ஸ்கேன் அன்று நன்றாக இருந்தாலும் ரத்தம் மெதுவாகக் கசிந்து பின்னால் குழப்பம் வரலாம் என்பதால் தாமதிக்கவே கூடாது.

பொடி வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். லேபிள் இல்லாத அந்தப் பாக்கெட்டில் ஒன்றும் இல்லை என்றால் பணம்தான் போகும். குடியை விட டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் மருந்து அதில் இருந்துவிட்டால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி விழலாம். அது நல்ல மருந்துதான். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே சமாளிப்பதும் கூடாது.

கார்த்திகைக்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரையைக் கூடுதலாக ஆரம்பித்துச் சில நாளில் குறைத்து நிறுத்துவார்கள். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். 'பலவீனமாக இருக்கிறார், ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்காதீர்கள். நாள்பட்டுக் குடிப்பவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். அதுவரை 'இன்றே நிறுத்து' என்று சண்டை போட வேண்டாம். வண்டிச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும், தமிழக அரசின் 104-லும் வீட்டார் கேட்டாலும் வழி சொல்வார்கள்.